வாங்கிய மின்னூலை எல்லாக் கருவிகளிலும் விட்ட இடத்திலிருந்து படிப்பது எப்படி?

இரவு போனில் நாற்பது பக்கம் படித்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். மறுநாள் லேப்டாப்பில் அதே புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கம் வந்து நிற்கும். சில சமயம் புத்தகமே இருக்காது. "காசு கொடுத்துத்தானே வாங்கினேன், எங்கே போச்சு?" என்று என்னிடம் கேட்காத நண்பர்கள் குறைவு.

எங்கும் போகவில்லை. மின்னூல் இருப்பது நீங்கள் வாங்கிய கடையில், உங்கள் கணக்கில். போனுக்கு வந்தது அதன் ஒரு நகல், அவ்வளவுதான். போன் தொலைந்தாலும் புத்தகம் தொலையாது. எந்தக் கணக்கில் வாங்கினோம் என்பது மறந்தால்தான் சிக்கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எல்லாமே எளிது.

படி 1: எந்தக் கடை, எந்த மின்னஞ்சல்?

செயலியை நிறுவுவதற்கு முன் இதைக் கண்டுபிடியுங்கள். வாங்கியபோது கடையிலிருந்து ரசீது மின்னஞ்சல் வந்திருக்கும். உங்கள் எல்லா மின்னஞ்சல் பெட்டிகளிலும் புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ரசீது எந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறதோ, அநேகமாக அதுதான் உங்கள் கணக்கு.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். பழைய மின்னஞ்சலில் பாதிப் புத்தகங்கள், புதியதில் மீதி. புது டேப்லெட்டில் புதிய கணக்கைப் போட்டுவிட்டு, பாதி நூலகத்தைக் காணோமே என்று ஒரு மாலை முழுவதும் செயலியை நீக்கி நீக்கி நிறுவிக்கொண்டிருந்தேன். இரண்டு கணக்குகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தருவதைப் பெரும்பாலான கடைகள் செய்வதில்லை. அதனால் இன்றே ஒரு மின்னஞ்சலை முடிவு செய்து, இனி வாங்குவதை எல்லாம் அதிலேயே வாங்குங்கள்.

படி 2: அந்தக் கடையின் செயலியை எல்லாக் கருவிகளிலும் போடுங்கள்

ஒரு கடையில் வாங்கிய புத்தகத்தை வேறு கடையின் செயலி பொதுவாகத் திறக்காது. காரணம் அடுத்த படியில். இப்போதைக்கு, எந்தக் கடையோ அதன் செயலி.

அமேசானில் வாங்கியது என்றால் கிண்டில். போன், டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் செயலி உண்டு. கிண்டில் கருவி தனியாக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. செயலியைத் திறந்து, அமேசானில் பொருள் வாங்கப் பயன்படுத்தும் அதே மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கொடுங்கள். கீழே 'லைப்ரரி' என்று இருக்கும். அங்கே எல்லாப் புத்தகங்களையும் காட்டச் சொல்கிறீர்களா, பதிவிறக்கியவற்றை மட்டுமா என்று பாருங்கள். புதிய கருவியில் நூலகம் காலியாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்த வடிகட்டிதான். அட்டையைத் தொட்டால் புத்தகம் இறங்கும். அலுவலகக் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ முடியாதா? பிரவுசரிலேயே கிண்டில் ஃபார் வெப் பக்கத்தைத் (முன்பு கிண்டில் கிளவுட் ரீடர் என்று பெயர்) திறந்து படிக்கலாம்.

கூகுளில் வாங்கியது பிளே புக்ஸ் செயலியில் வரும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. கம்ப்யூட்டரில் பிரவுசர் போதும். போனில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் வைத்திருப்பவர்கள் மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, எந்தக் கணக்கு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோபோ என்ற கடையும் இதே கதைதான், அதற்கென்று தனிச் செயலி.

ஆப்பிள் புக்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஐபோன், ஐபேட், மேக் மூன்றிலும் அருமையாக ஓடும். ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் செயலியே கிடையாது. இன்று ஐபோன் வைத்திருந்து நாளை ஆண்ட்ராய்டுக்கு மாறும் எண்ணம் இருப்பவர்கள் அங்கே வாங்குவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். செயலி மோசம் என்று சொல்லவில்லை. பார்க்க எனக்குப் பிடித்ததே அதுதான். ஆனால் என் வீட்டில் இருப்பது மூன்று நிறுவனங்களின் கருவிகள்.

படி 3: கோப்பாகக் கையில் கிடைத்திருக்கிறதா? பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள்

சில கடைகளும் பதிப்பகங்களும் புத்தகத்தைக் கோப்பாகவே பதிவிறக்கத் தருகின்றன. கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

ஈபப் (.epub) என்று முடிந்தால் நல்லது. இது யாருக்கும் சொந்தமில்லாத பொது வடிவம், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே பார்த்தால் ஒரு ஜிப் கோப்புக்குள் சின்னச் சின்ன இணையப் பக்கங்கள், அவ்வளவே. அதனால்தான் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக ஒடிந்து திரைக்குள் அடங்குகின்றன. பிடிஎஃப் அப்படியில்லை, அச்சுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வைத்த மாதிரி. கம்ப்யூட்டரில் படிக்கலாம், பெரிய டேப்லெட்டில் படிக்கலாம், போனில் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்தே கை ஓய்ந்துவிடும். இரண்டும் கிடைத்தால் ஈபப்பை எடுங்கள்.

ஏசிஎஸ்எம் (.acsm) என்று முடிகிறதா? சில கிலோபைட்தான் இருக்கும். இதைப் பார்த்துப் புத்தகம் பழுதாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. இது புத்தகமே இல்லை, புத்தகத்தை வாங்கிக்கொள்ளும் டோக்கன். கம்ப்யூட்டரில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, டோக்கனை அதில் திறந்தால் உண்மையான ஈபப்போ பிடிஎஃப்போ இறங்கும்.

இங்கே ஓர் இடத்தில் கவனம் தேவை. முதல் முறை திறக்கும்போது, இந்தக் கம்ப்யூட்டரை அங்கீகரிக்க ஓர் அடோபி ஐடி கேட்கும். அதே பெட்டியில் 'ஐடி இல்லாமலே அங்கீகரி' என்று ஒரு வழியும் இருக்கும். அவசரத்தில் அதை டிக் செய்துவிடாதீர்கள். செய்தால் புத்தகம் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு கட்டிப்போடப்படும். இலவசமாக ஓர் அடோபி ஐடி தொடங்கி அதைக் கொடுத்தால், அதே ஐடியை உங்கள் மற்றக் கருவிகளிலும் கொடுத்துப் படிக்கலாம். அதற்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு, ஆகவே பழைய கம்ப்யூட்டரைக் கைவிடும்போது அதன் அங்கீகாரத்தை நீக்கிவிடுங்கள்.

இந்தப் பூட்டுக்குப் பெயர் டிஆர்எம். கடை விட்டுக் கடை புத்தகம் தாண்டாததற்கும் இதுதான் காரணம். சில ஐரோப்பியக் கடைகள் எல்சிபி என்ற கொஞ்சம் சாதுவான பூட்டைப் போடுகின்றன. தோரியம் ரீடர் என்ற படிப்பு மென்பொருளில் திறந்து, கடை தந்த கடவுச்சொற்றொடரைக் கொடுத்தால் போதும். பூட்டை உடைப்பது எப்படி என்று கேட்டு யாராவது எழுதுவீர்கள். கடையின் விதிக்கும் பல நாடுகளின் சட்டத்துக்கும் அது விரோதம், இங்கே சொல்லப்போவதில்லை. பூட்டே இல்லாமல் விற்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன. வாங்கும் பக்கத்தில் 'டிஆர்எம் இல்லை' என்ற குறிப்பைப் பார்த்தால் நான் சந்தோஷமாக வாங்கிவிடுவேன்.

படி 4: பூட்டில்லாத ஈபப்பை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது

போனில் ஏதாவது ஒரு ரீடர் செயலியில் திறந்தால் படித்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பு போனிலேயே கிடக்கும், லேப்டாப்புக்குத் தெரியாது. நீங்கள் நிறுத்திய பக்கமும் அதற்குத் தெரியாது. ஆகவே அதையும் ஏதாவது ஒரு கணக்குக்குள் ஏற்றிவிட வேண்டும்.

எளிய வழி பிளே புக்ஸ். கம்ப்யூட்டர் பிரவுசரில் உங்கள் பிளே புக்ஸ் பக்கத்தைத் திறந்து, கோப்பைப் பதிவேற்றுங்கள். சில நிமிடங்களில், கூகுளிலேயே வாங்கிய புத்தகம் போல எல்லாக் கருவிகளிலும் தெரியும், பக்கமும் ஒத்திசையும்.

கிண்டிலில் படிக்க விரும்பினால் 'சென்ட் டு கிண்டில்' இருக்கிறது. பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து கோப்பை இழுத்துப் போட்டால் போதும், 200 எம்பி வரை ஏற்கும். மின்னஞ்சலிலும் அனுப்பலாம்: உங்கள் ஒவ்வொரு கிண்டில் கருவிக்கும் செயலிக்கும் ஒரு தனி முகவரி உண்டு, அமைப்புகளுக்குள் போனால் கிடைக்கும். அனுப்பியும் வரவில்லை என்றால், எந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பினீர்களோ அது உங்கள் அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தொண்ணூறு சதவீதம் அங்கேதான் தவறு என்று அடித்துச் சொல்வேன், கணக்கெடுப்பு எல்லாம் நடத்தவில்லை. பழைய இணையப் பக்கங்களில் கோப்பை மோபி என்ற பழைய கிண்டில் வடிவத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்லியிருப்பார்கள். அது இப்போது வேண்டாம், ஈபப்பையே ஏற்கிறது.

ஏற்றுவதற்கு முன் அட்டைப்படம் மாற்ற வேண்டும், ஆசிரியர் பெயரைத் திருத்த வேண்டும் என்றால் காலிபர் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். முகம் பழைய காலத்து முகம், வேலை கெட்டி.

படி 5: பக்கம் ஒத்திசைய வைப்பது

செயலி போட்டாயிற்று, ஒரே கணக்கு, புத்தகமும் வந்துவிட்டது. ஆனாலும் லேப்டாப்பில் பழைய பக்கமே திறக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இணையம். போன் நீங்கள் நிறுத்திய இடத்தைக் கடையின் சர்வருக்கு அனுப்ப வேண்டும், லேப்டாப் அங்கிருந்து அதை வாங்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டுப் படித்து, அப்படியே போனை மூடினால் அந்தச் செய்தி போனைத் தாண்டியிருக்காது. என் பழக்கம் இது: படித்து முடித்ததும் புத்தகத்திலிருந்து நூலகத்துக்குத் திரும்பி வருவேன், இணையம் இருக்கிறதா என்று ஒரு பார்வை, அப்புறம்தான் போனைக் கீழே வைப்பேன். மின்தாள் கருவி (காகிதம் போலத் தெரியும் திரை கொண்ட ரீடர்) வைத்திருப்பவர்கள் பேட்டரிக்காக விமானப் பயன்முறையிலேயே வைத்திருப்பார்கள். அவர்கள் அவ்வப்போது அதை எடுத்துவிட்டு 'சிங்க்' என்பதைத் தொட வேண்டும்.

கிண்டிலில் இந்த வசதிக்கு விஸ்பர்சிங்க் என்று பெயர். பக்கத்தோடு நீங்கள் போட்ட ஹைலைட், குறிப்பு எல்லாமும் சேர்ந்தே வரும். செயலியிலும் கணக்கு அமைப்புகளிலும் இது அணைக்கப்படாமல் இருக்க வேண்டும். இதன் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். யாரோ விளையாட்டாகக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிவிட்டால், அடுத்த கருவி 'இதுவரை படித்த தொலைவான பக்கத்துக்குப் போகட்டுமா?' என்று கேட்கலாம். படிக்காமல் 'சரி' என்று தொட்டால் மர்மக் கதையின் முடிவில் போய் விழுவீர்கள். கணவனும் மனைவியும் ஒரே கணக்கில் ஒரே நாவலைப் படித்தாலும் இதே கூத்துதான். அந்த மாதிரி வீடுகளில் ஒருவர் ஒத்திசைவை அணைத்துவிடுவது நல்லது.

பக்க எண்ணை நம்பி நடக்காதீர்கள். போனில் 84ஆம் பக்கம் டேப்லெட்டில் வேறு எண்ணாக இருக்கலாம், எழுத்தின் அளவு மாறினால் பக்கம் மாறும். கிண்டில் 'லொகேஷன்' என்று ஓர் எண் காட்டுவது இதற்காகத்தான். அது எழுத்தின் அளவைப் பொறுத்து மாறாது.

எழுத்துரு, எழுத்தின் அளவு, இருள் பயன்முறை போன்றவற்றை ஒவ்வொரு கருவியிலும் தனியாக அமைத்துக்கொள்வது நல்லது. போனுக்கும் பெரிய திரைக்கும் ஒரே அளவு சரிப்படாது.

படி 6: அடுத்த புத்தகம் வாங்கும் முன் மாதிரியைப் பாருங்கள்

அநேகக் கடைகள் முதல் சில பக்கங்களை இலவசமாகத் தரும். அதை உங்கள் எல்லாக் கருவிகளிலும் திறந்து பாருங்கள். தமிழ்ப் புத்தகங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டாமல், பழைய அச்சுக்கோப்பு எழுத்துருவில் செய்த கோப்பாக இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், அல்லது தேடினால் ஒரு சொல்லும் சிக்காது. மாதிரியில் ஒரு சொல்லை அழுத்திப் பிடியுங்கள். அது ஒழுங்காகத் தேர்வானால் பயமில்லாமல் வாங்கலாம்.

நீக்கும்போதும் பழைய கருவியைக் கொடுக்கும்போதும்

போனில் இடம் போதவில்லை என்றால் படித்த புத்தகங்களை நீக்கலாம். கிண்டிலில் அட்டையை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் இரண்டு வகை நீக்கம் இருக்கும். ஒன்று பதிவிறக்கத்தை மட்டும் எடுக்கும். எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று 'நிரந்தரமாக நீக்கு', அது கணக்கிலிருந்தே எடுத்துவிடும், மறுபடி வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டியதுதான். விரல் எங்கே படுகிறது என்று பார்த்துத் தொடுங்கள்.

கடையே மூடிவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதனால் பூட்டில்லாமல் கிடைத்த கோப்புகளின் ஒரு நகலை எப்போதும் தனி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

பழைய போனையோ ரீடரையோ யாருக்காவது கொடுக்கும் முன், செயலியில் 'சைன் அவுட்' செய்யுங்கள். மறந்து கொடுத்துவிட்டீர்களா? கிண்டில் என்றால் பிரவுசரில் அமேசான் கணக்குக்குள் போய், கருவிகளின் பட்டியலில் அந்தக் கருவியைத் தேர்ந்து 'டீரெஜிஸ்டர்' கொடுக்கலாம். அந்தப் பட்டியலை ஒரு முறை பாருங்கள். என்னுடையதில் நான்கு வருடத்துக்கு முன் தண்ணீரில் விழுந்த போன் இன்னும் பெயரோடு உட்கார்ந்திருந்தது. ஒரே நேரத்தில் இத்தனை கருவிகளில்தான் ஒரு புத்தகம் இருக்கலாம் என்று பல பதிப்பகங்கள் வரம்பு வைத்திருப்பதால், புது டேப்லெட்டில் புத்தகம் இறங்க மறுத்ததற்கு அந்தச் செத்த போன்தான் காரணமாக இருந்தது.