8 பொது முகவரிகள், ஒரு ரவுட்டர்: அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை தம்பு செட்டி தெருவில் ஒரு கிளியரிங் அலுவலகத்துக்கு நிலையான ஐ.பி. முகவரிகள் வாங்கியபோது, “8 என்று சொல்லி 5 தானே கொடுத்திருக்கிறார்கள்?” என்று உரிமையாளர் கேட்டார். எடுத்துக்காட்டாக 203.0.113.8/29 என்ற, 8 முகவரிகள் கொண்ட தொகுதியில், 8-இல் முடிவது வலையமைப்பையும் 15-இல் முடிவது பிராட்காஸ்டையும் (தொகுதியில் உள்ள எல்லோருக்கும் ஒருசேர அனுப்புவதை) குறிப்பவை. 9 பெரும்பாலும் இணையத்துக்கு வாசலான, சேவை நிறுவனத்தின் கேட்வேக்குப் போய்விடும். 10 முதல் 14 வரைதான் நம்முடையவை. இதை எண்ணிப் பார்க்காமல் கடைசி முகவரியை சிசிடிவி பெட்டிக்கு ஒதுக்கிவிட்டு, இணைப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய தவறு, உள்ளே வரும் வழிக்கு மட்டும் முகவரி மாற்ற விதியை (நாட்: பொது முகவரியையும் உள் முகவரியையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தருவது) எழுதிவிட்டு, வெளியே போகும் வழியை மறந்துவிடுவது. அதே அலுவலகத்தில் 192.168.1.20 என்ற உள் முகவரி கொண்ட மெயில் சர்வருக்கு 12-இல் முடியும் பொது முகவரியைக் கொடுத்திருந்தேன். வர வேண்டிய மெயில்கள் வந்தன. அனுப்பியவை ஸ்பேமில் விழுந்தன. வெளியே செல்லும் அனைத்தும் உள்ளிருக்கும் எல்லாக் கருவிகளையும் ஒரே பொது முகவரியில் அனுப்பும் பொதுவான மாஸ்கரேட் விதியின் வழியே 10-இல் முடியும் முகவரியில் போய்க்கொண்டிருக்க, ரிவர்ஸ் டி.என்.எஸ். பதிவும் (முகவரிக்கு உரிய பெயரைச் சொல்வது) எஸ்.பி.எஃப். பதிவும் (எந்த முகவரியிலிருந்து மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) 12-ஐச் சுட்டியதால், பெறும் சர்வர்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. நான் சர்வருக்குத் தனி விதி எழுதாமல் இல்லை; அதை மாஸ்கரேட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். ரவுட்டர் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும் என்பதால், அதை மேலே நகர்த்தியதும் பிரச்சினை தீர்ந்தது.

சேவை நிறுவனம் தொகுதியை நம் ரவுட்டருக்கு ரூட் செய்து (வழிகாட்டி அனுப்பி) தருகிறதா, அல்லது வேன் (WAN, இணையம் வந்து சேரும் பக்கம்) கம்பியிலேயே நேரடியாகத் தருகிறதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது வகையில், கூடுதல் முகவரிகளை வேன் இன்டர்ஃபேஸில் சேர்க்காவிட்டால் அவற்றைத் தேடி வரும் ஏ.ஆர்.பி. கேள்விக்கு (‘இந்த முகவரி யாரிடம்?’ என்பதற்கு)ப் பதில் சொல்ல ஆளிருக்காது. விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் பொட்டலம் வாசலைத் தாண்டாது. ரவுட்டரை மாற்றிய பிறகும் பழைய ரவுட்டரின் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) எதிர்முனையில் தங்கியிருக்கலாம். பல சிஸ்கோ ரவுட்டர்களில் அதன் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். இது தெரியாமல் சரியான அமைப்பையே கலைத்துப்போடுகிறவர்கள் பலர்.

ஒன்றுக்கு ஒன்று என முழு முகவரியையும் ஒரு கருவிக்குத் திருப்பும்போது, ஃபயர்வாலில் தேவையான போர்ட்டுகளை மட்டும் அனுமதிக்க வேண்டும். லினக்ஸ் வழிவந்த ரவுட்டர்களில் ஃபார்வர்டு விதிக்கு (ரவுட்டரைக் கடந்து செல்வதை அனுமதிக்கும் ஃபயர்வால் விதிக்கு) வந்து சேரும்போது இலக்கு முகவரி மாறிவிட்டிருக்கும். எனவே அங்கே குறிப்பிட வேண்டியது 203-இல் தொடங்கும் பொது முகவரியை அல்ல, 192.168.1.20-ஐத்தான்.

எல்லாம் முடிந்ததும் அலுவலக வைஃபையிலிருந்தே பொது முகவரியைத் திறந்து பார்த்துவிட்டு “வேலை செய்யவில்லை” என்று முடிவுகட்டக் கூடாது. உள்ளிருந்தே பொது முகவரியைத் திறப்பவருக்குப் பதிலும் ரவுட்டர் வழியே வரச் செய்யும் ஹேர்பின் நாட் விதி இல்லாத இடத்தில், சர்வரின் பதில் ரவுட்டரைத் தொடாமல் நேராக உங்கள் கணினிக்கு வந்துவிடும். கேட்காத முகவரியிலிருந்து வந்த அந்தப் பதிலைக் கணினி ஏற்காது. கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதிப்பதே சரி.