எச்எஸ்எல்வி-யைத் திரையில் பிரித்துப் பார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் உளுந்து வடை வாங்கினால் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள், ஓட்டைகள் நேராகச் சேர்ந்து ஒரு குழாய் வரும். ஈ.கோலை பக்டீரியாவில் புரதங்களை வெட்டும் நொதியான எச்எஸ்எல்வி அப்படித்தான். வளையத்துக்கு 6 துண்டு (ஒவ்வொன்றும் ஒரு புரதச் சங்கிலி), இரண்டு வளையம், மொத்தம் 12. நம் செல்களில் இதே வெட்டும் வேலையைச் செய்யும் 20எஸ் புரோட்டியசோமோ நான்கு வடை, ஒவ்வொன்றிலும் 7 துண்டு, மொத்தம் 28.

சரி, லப்டொப்பில் மூலக்கூறுகளை 3டி-யில் காட்டும் மென்பொருளான கைமெராஎக்ஸைத் திறந்து, பிடிபி என்ற புரத உருவத் தரவுத்தளத்திலிருந்து எச்எஸ்எல்வி-யின் கோப்பான 1என்இடி-யை இறக்குங்கள். 12 துண்டும் தெரியாவிட்டால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள் (நான் நினைத்து அரை நாளை வீணாக்கினேன்), அசெம்பிளியை, அதாவது துண்டுகள் எல்லாம் சேர்ந்த அமைப்பை, கேட்டால் முழு உருவம் வரும்.

அப்புறம் 1பிஎம்ஏ-யை, அதாவது தெர்மோபிளாஸ்மா என்ற ஆர்க்கியாவின் (பக்டீரியா போலத் தெரியும், ஆனால் தனி வகையான ஒற்றைச் செல் உயிரி) புரோட்டியசோமை, பக்கத்தில் இறக்கி அதன் ஒரு பீட்டா சங்கிலியை (நடு இரண்டு வளையங்களின் துண்டு) எச்எஸ்எல்வி-யின் ஒரு சங்கிலி மேல் பொருத்துங்கள். அமினோ அமில வரிசையில் ஒற்றுமை குறைவுதான், ஆனால் மடிப்பு, அதாவது சங்கிலி மடங்கி நிற்கும் வடிவம், அச்சொட்டாகப் பொருந்தும். இரண்டிலும் வெட்டுகிற வேலையைச் செய்வது சங்கிலியின் முதல் அமினோ அமிலமான திரியோனின், அதைப் பெரிதாக்கி நிறம் மாற்றிப் பாருங்கள், பொதுவான மூதாதை இருந்தது என்பதற்கு இதைவிட அழகான தடயம் எனக்குத் தெரியாது.

எச்எஸ்எல்வி-க்குப் புரதத்தின் மடிப்பைப் பிரித்து ஊட்டும் எச்எஸ்எல்யு-வும் 6 துண்டு வளையம், அதனால் 6-க்கு 6 சரியாக உட்காரும். புரோட்டியசோமில் 7 துண்டு வளையத்தின் மேல் ஊட்டுகிற 6 துண்டு வளையம் உட்கார வேண்டும், அந்தக் கோணல் தனிக் கதை.

புரதம் வெட்டும் இன்னொரு நொதியான கிளிப்-பி-யை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அதுவும் குழாய்தான், ஆனால் மடிப்பு வேறு, வெட்டுவது செரின் என்ற வேறு அமினோ அமிலம்.