தூண்டிலில் வந்தது சால்மன் குஞ்சா, ட்ராவுட்டா?

பிரிட்டனுக்கு வந்த புதிதில் தூண்டிலோடு ஆற்றுக்குப் போகிறவர்களைக் குழப்புவது பெரிய மீன் அல்ல, விரல் நீளத்துப் பொடி மீன்தான். விலாவில் விரல் ரேகை பதிந்த மாதிரி வரிசையாகக் கருநீலத் திட்டுகள், நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். "சிவப்புப் புள்ளி இருக்கு, ட்ராவுட்தான்" என்று ஒருமுறை நானும் அடித்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெரியவர் பேசாமல் மீனின் வாலைக் காட்டினார். சால்மன் குஞ்சுக்கும் அந்தப் புள்ளியும் திட்டும் உண்டு. இங்கே அந்தக் குஞ்சை 'பார்' (parr) என்பார்கள்.

முதலில் வாலைப் பாருங்கள். சால்மன் குஞ்சின் வால் நன்றாகப் பிளந்திருக்கும், வாலை ஒட்டிய இடம் ஒல்லியாக இருக்கும். ட்ராவுட்டுக்கு அந்த இடம் தடிப்பு, வாலில் பிளவும் குறைவு. அடுத்து, முதுகில் வால் பக்கமாக இருக்கும் குட்டித் துடுப்பு. அதன் ஓரம் ஆரஞ்சோ சிவப்போ என்றால் பெரும்பாலும் ட்ராவுட். சாம்பல் நிறமென்றால் சால்மனைச் சந்தேகப்படலாம். மார்புத் துடுப்பு உடம்புக்குச் சற்றே பெரிதாகத் தெரிந்தாலும் சால்மன் பக்கம்தான். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள். பெரிய மீனில் சரி, இத்தனை சின்ன வாயில் எனக்கு அது அவ்வளவாக உதவியதில்லை. ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் பார்வையெல்லாம் மீன் தண்ணீருக்குள் வலையில் இருக்கும்போதே முடிய வேண்டும். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். வசந்த காலத்தில் கடலுக்குக் கிளம்பும் குஞ்சுகள் திட்டெல்லாம் மறைந்து வெள்ளி போல மின்னும். அவற்றின் செதில் தொட்டாலே உதிரும்.

சந்தேகமென்றால் விட்டுவிடுங்கள். வளராத சால்மனை வேண்டுமென்றே பிடித்து எடுத்துப் போவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி குற்றம். 'தெரியாமல் மாட்டிக்கொண்டது' என்றால், காயப்படுத்தாமல் உடனே ஆற்றில் விட்டிருக்க வேண்டும்.

அப்புறம் லைசென்ஸ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயதிலிருந்து தூண்டில் லைசென்ஸ் கட்டாயம். 13 முதல் 16 வரை இலவசம், ஆனால் எடுத்தே ஆகவேண்டும். அது கையில் இருந்தாலும், அந்த ஆற்றுப் பகுதி யாருக்குச் சொந்தமோ அவர்களிடமோ கிளப்பிடமோ தனியாக அனுமதி வாங்க வேண்டும்.