கரோக்கி வட்டுகளைப் படி எடுக்கும்போது பாடல் வரிகள் விடுபடாமல் இருக்க

தர்மபுரியில் எங்கள் வீட்டில் இருக்கும் கரோக்கி வட்டுகள் இரண்டு வகையானவை: தமிழ்ப் பாடல்களுக்கு விசிடி, சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா கொண்டு வந்த ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு சிடி+ஜி (இசையோடு பாடல் வரிகளையும் திரையில் காட்டும் ஆடியோ சிடி). வித்தியாசம் தெரியாமல் அந்தக் கிறிஸ்துமஸ் வட்டுகளைச் சாதாரண ஆடியோ சிடியைப் போல நகலெடுத்து மாதா கோவில் பாடகர் குழுவுக்குக் கொடுத்தேன். பயிற்சியன்று இசை ஒலித்தது. திரையில் ஒரு வரிகூட வரவில்லை.

ஆடியோ சிடியில் ஒரு விநாடி என்பது 75 செக்டர்கள். ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட் ஒலியும், அதை ஒட்டி 96 பைட் துணைத்தடமும் (சப்சேனல்) உண்டு. வழக்கமாகப் பாட்டின் எண்ணும் நேரமும் மட்டுமே பதிவாகும் அந்தத் துணைத்தடத்தில், மீதி இடத்தைப் பயன்படுத்தித்தான் சிடி+ஜி தன் வரிகளைச் சிறு சிறு செவ்வகத் துண்டுகளாக வரைகிறது. சாதாரண நகல் மென்பொருள் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டிரைவ். எல்லா டிரைவும் துணைத்தடத்தை முழுமையாகப் படித்துத் தருவதில்லை; என் மடிக்கணினியில் இருந்தது தரவில்லை என்பதால், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய டெஸ்க்டாப் டிரைவ் ஒன்றை வாங்கி மாட்டினேன். வட்டை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பிறகு டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவினால் அங்கே பதிவு அடுக்கே உரிந்துவிட்டது என்று பொருள். அந்த அடுக்கு லேபிளுக்கு நேர் கீழே இருப்பதால், அடிப்பக்கக் கீறலைவிட லேபிள் பக்கக் கீறலே ஆபத்தானது.

குளோன்சிடி போன்ற மென்பொருளில், ஆடியோ தடங்களின் துணைத்தடத்தையும் படிக்கும்படி அமைத்து, வேகத்தைக் குறைத்து வட்டை இமேஜாக, அதாவது வட்டு முழுவதன் அச்சு நகலாக, எடுக்க வேண்டும். ஐஎம்ஜி (ஒலி), சப் (துணைத்தடம்), சிசிடி (வட்டின் அமைப்பு விவரம்) என மூன்று கோப்புகள் கிடைக்கும். ஒரு மணி நேர வட்டுக்கு ஐஎம்ஜி சுமார் 635 எம்பி, சப் சுமார் 26 எம்பி இருக்கும். சப் கோப்பின் அளவு சரியாக இருப்பதாலேயே உள்ளே வரிகள் இருக்கின்றன என்று நம்பிவிட வேண்டாம். வெற்றுச் சுழியங்களாலும் அது நிரம்பியிருக்கலாம். இமேஜிலிருந்து புதிய வட்டை எழுதி, சிடி+ஜி பிளேயரில் போட்டு, முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் வரிகளோடு பார்த்த பின்னரே மூல வட்டை உள்ளே வையுங்கள். எழுத்துகளின் நடுவே வேற்று நிறக் கட்டங்கள் தெரிந்தால், வேகத்தை இன்னும் குறைத்து மறுபடி படிக்க வேண்டும். கணினியிலேயே பாடுபவர்கள் எம்பி3+ஜி ஆக (ஒலிக்கு ஓர் எம்பி3 கோப்பு, வரிகளுக்கு ஒரு சிடிஜி கோப்பு) மாற்றிக்கொள்ளலாம். அப்போது எம்பி3 கோப்புக்கும் சிடிஜி கோப்புக்கும் ஓர் எழுத்தும் மாறாத ஒரே பெயர் இருக்க வேண்டும்.

விசிடி எளிது. எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டரில் உள்ள டாட் (.DAT) கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். ஆனால் அந்த வீடியோ செக்டர்களில், டேட்டா சிடியில் உள்ள கூடுதல் பிழைதிருத்தம் கிடையாது என்பதால், கீறல் விழுந்த இடத்தில் விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும். அங்கே பழுதான வட்டிலிருந்து கோப்புகளை மீட்கும் ஐசோபஸ்டர் மென்பொருள் கைகொடுக்கும். பல கரோக்கி விசிடிகளில் ஒரு பக்க ஒலியில் பாடகர் குரலும், மறு பக்கத்தில் வெறும் இசையும் இருக்கும். இடத்தைச் சேமிக்க மோனோவாக மாற்றினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. எனவே ஒலியைத் தொடாதீர்கள்.

இவையெல்லாம் காசு கொடுத்து வாங்கிய வட்டைச் சொந்தப் பயன்பாட்டுக்குக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்; படியை விற்பது குற்றம். இமேஜ் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். எங்களுடையது கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது.