வாஷிங் மெஷினைப் புதிதாக யோசிப்பவர்கள் பிழிவதை மறந்துவிடுகிறார்கள்

சேலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தால் பிப்ரவரி வந்ததும் கல்லூரிக் கடைசி வருடப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று வாசலில் நிற்பார்கள். அவர்களில் சிலர் கையில் கட்டாயம் ஒரு வாஷிங் மெஷின் படம் இருக்கும். சைக்கிள் மிதித்தால் துவைப்பது, ஏற்காட்டு ஓடையில் ஓடுவது, காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும், சோப்பே வேண்டாத அல்ட்ராசோனிக் என்று விதவிதமாக. யோசனையில் குறை சொல்ல மாட்டேன். சறுக்கும் இடம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: அழுக்கை எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

துவைக்க வேகம் தேவையில்லை. படுத்த டிரம்முக்குள் துணி மேலேறித் தொப்பென்று விழ வேண்டும், துவைகல்லில் அடிப்பதற்கு ஈடு அதுதான். வேகம் கூடினால் விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். 48 செ.மீ. விட்டமுள்ள டிரம்முக்கு அந்த எல்லை நிமிடத்துக்குச் சுமார் 61 சுற்று. பெரிய டிரம் என்றால் நன்றாக அடிபடுமே என்று 1 மீட்டருக்குப் போனால், எல்லை 42-க்கு இறங்கிவிடும். டிரம்மைப் பெரிதாக்கிவிட்டுப் பல்சக்கரக் கணக்கை அப்படியே விட்ட படங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இதற்கு மனிதக் கால் போதும். சாதாரண ஆள் விடாமல் மிதித்தால் 75 வாட் அளவுக்குத் தருவார். வினையே பிழியும்போதுதான். 40 செ.மீ. விட்டக் கூடையை 600 சுற்றில் விடுங்கள். ஒரு பக்கம் அரைக் கிலோ ஈரத்துணி கூடுதலாக ஒதுங்கினால் அச்சை இழுக்கும் விசை 40 கிலோ எடைக்குச் சமம், அதுவும் நொடிக்கு 10 தடவை சுற்றிச் சுற்றி. 1200 சுற்றில் அது நாலு மடங்கு. கடையில் விற்கும் ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள் கான்கிரீட் கட்டி இருப்பது இந்த ஆட்டத்தை அடக்கத்தான். "எடை குறைந்த மெஷின்" என்று பிள்ளைகள் முதலில் கழற்றுவதே அதைத்தான். பிறகு மெஷின் தானாகவே பட்டறை வாசல் வரை நடந்து போகும்.

ஓடைத் தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். நொடிக்கு 1 லிட்டர் தண்ணீர் 10 மீட்டர் விழுந்தால் ஏட்டுக்கணக்கில் 98 வாட். சக்கரத்திலும் பெல்ட்டிலும் போனது போகப் பாதி தேறினாலே பெரிது. துவைக்க அது போதும். ஆனால் 1500 மீட்டர் உயரத்தில், மூட்டம் இறங்கும் மாதங்களில், அங்கே குடியிருப்பவர்களுக்குத் துவைப்பது கவலையே இல்லை. மூன்று நாளாகியும் காயாமல் துணியில் வீச்சம் அடிக்குமே, அதுதான் கவலை. பிழியாத மெஷினை அவர்கள் என்ன செய்வார்கள்?

சோப்பில்லாமல் துவைக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரம், சூடு, சோப்பு, அடி இந்த நாலில் ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும் என்று ஜெர்மன் வேதியியல் நிபுணர் ஹெர்பர்ட் சின்னர் 1959-லேயே வட்டம் போட்டுக் காட்டிவிட்டார். அல்ட்ராசோனிக் வெள்ளிக் கொலுசுக்குப் பிரமாதம். துணியோ மெத்தென்றது, ஒலியைக் குடித்துவிடும், மேல் மடிப்பு அடி மடிப்பை மறைத்துவிடும். ஊசித் துளை நாசில் வைத்துப் பீய்ச்சலாம் என்றால் நம் ஊர் உப்புத் தண்ணீர் விடாது. மலையடிவாரத்தில் மேக்னசைட் என்ற மக்னீசியக் கல் வெட்டும் ஊரில் போர் தண்ணீரை நம்பித் துளை போடுகிறவர்கள், அடைப்பு எடுக்கும் வழியையும் படத்தில் வரையட்டும்.

புதுமை மட்டும் சோறு போடாது. 2000-ல் டைசன் நிறுவனம் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு டிரம் வைத்து மெஷின் விட்டது. செலவு தாங்காமல் சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த நவ்ஜோத் சாஹ்னி பிறகு நம் தமிழ்நாட்டுக் குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் கையால் துவைத்துப் படும் பாட்டைப் பார்த்தார். கையால் சுற்றும் மெஷின் செய்து அதற்கு அந்தப் பெண்ணின் பெயரையே, 'திவ்யா' என்று வைத்தார்.

இன்னொன்று, எதைப் போட்டுச் சோதிப்பது என்பது. இரண்டு டீ-ஷர்ட்டும் கைக்குட்டையும் போட்டு "ஓடுதுங்ண்ணா" என்று வீடியோ எடுப்பார்கள். அதற்காகவே என் பட்டறை ஆணியில் ஒரு பழைய காட்டன் புடவை தொங்குகிறது. ஐந்தரை மீட்டர் துணி உள்ளே போனதும் கயிறாக முறுக்கிக்கொண்டு கூடையின் ஒரே பக்கம் குவியும். மேலே சொன்ன அந்த அரைக் கிலோ வருவது அங்கிருந்துதான்.