லிஸ்ஸென்செஃபலி: குழந்தையின் ஸ்கேன் அறிக்கையைப் புரிந்துகொள்வது எப்படி?

எம்ஆர்ஐ அறிக்கையில் ‘லிஸ்ஸென்செஃபலி’ என்று எழுதியிருந்தால், குழந்தையின் மூளையின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய மடிப்புகள் உருவாகவில்லை அல்லது மிகக் குறைவாகவே உருவாகியுள்ளன என்று பொருள். மடிப்பு இல்லாத மூளைப் பட்டை (மூளையின் வெளிப்புறப் பகுதி) மெலிந்திருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தடித்திருக்கும். நரம்பணுக்கள் மூளையின் உட்பகுதியிலுள்ள நீரறைகளின் ஓரத்தில் பிறந்து, கருவின் ஏறத்தாழ 12 முதல் 24 வாரங்களுக்குள் வெளிப்புறம் நோக்கி நகர்ந்து 6 அடுக்குகளாக அமைய வேண்டும். அந்த நகர்வு பாதியில் நின்றுபோவதால், இயல்பாக 2 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கும் பட்டை, இந்நோயின் கடுமையான வகையில் 10 மில்லிமீட்டரையும் தாண்டிவிடுகிறது.

“ஐந்தாம் மாத ஸ்கேனில் ஏன் சொல்லவில்லை?” என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அந்த வயதில் எல்லாக் கருக்களின் மூளையும் வழவழப்பாகவே இருக்கும்; பெரும்பாலான மடிப்புகள் அதன் பிறகே தோன்றுகின்றன. எனவே அப்போது தெரியாமல் போனதை யாருடைய கவனக்குறைவாகவும் கொள்ள வேண்டியதில்லை.

அறிக்கையில் அடுத்துத் தேட வேண்டியவை இரண்டு சொற்கள். ‘அகைரியா’ என்றால் மடிப்பே இல்லை. ‘பேக்கிகைரியா’ என்றால் சில அகன்ற மடிப்புகள் மட்டும் உள்ளன. குறைபாடு மூளையின் முன்புறத்தில் அதிகமா, பின்புறத்தில் அதிகமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். பின்புறம் அதிகமென்றால் 17ஆம் குரோமோசோமிலுள்ள லிஸ்1 மரபணுவையும், முன்புறம் அதிகமென்றால் எக்ஸ் குரோமோசோமிலுள்ள டிசிஎக்ஸ் மரபணுவையும் முதலில் சந்தேகிப்பார்கள். என் கணிப்பில், நோயின் பெயரைவிட இந்த விவரமே குடும்பத்துக்கு அதிகம் பயன்படும்.

வீட்டில் மிகவும் கவனிக்க வேண்டியது வலிப்பு. அது எப்போதும் கைகால் வெட்டி இழுப்பதாக வராது. தூங்கி எழும் வேளையில் குழந்தையின் தலை சட்டென்று முன்னே குனியும். இரு கைகளும் விரிந்து உயரும். ஓரிரு நொடிகளில் அடங்கிவிடும். சில நொடிகள் கழித்து மீண்டும் வரும். இப்படி அடுத்தடுத்து வருவதைத் திடுக்கிடல் என்றோ வயிற்றுவலி என்றோ விட்டுவிடாமல், கைபேசியில் படம் பிடித்து, நேரத்தையும் குறித்து, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அவர் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இஇஜி சோதனை எடுக்கச் சொல்லலாம். எந்த வலிப்பும் 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பாலூட்டும்போது இருமல், கரகரப்பான ஈர மூச்சு, அடிக்கடி சளிக்காய்ச்சல் ஆகியவை இருந்தால் பால் நுரையீரலுக்குள் போகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு வயிற்றில் நேரடியாகக் குழாய் பொருத்துவதே பாதுகாப்பானது. உருவாகாத மடிப்புகளை எந்த மருந்தாலும் உருவாக்க முடியாது என்பதால், அப்படி உறுதி கூறுபவர்களிடமிருந்து விலகியே இருங்கள். பேக்கிகைரியா லேசாக உள்ள குழந்தைகளில் சிலர் நடக்கவும் பேசவும் கற்கிறார்கள். அகைரியா உள்ளவர்கள் பெரும்பாலும் சில மாதக் குழந்தையின் வளர்ச்சி நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த குழந்தையைத் திட்டமிடுவோர் மரபணு முடிவைக் கருத்தரிக்கும் முன்பே கையில் வைத்திருப்பது நல்லது. லிஸ்1 மாற்றம் பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாக இருக்கும். ஆயினும் பெற்றோரின் குரோமோசோம்களையும் சோதிப்பார்கள். டிசிஎக்ஸ் மாற்றம் தாயிடம் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு 50 சதவீதம். ஆண் குழந்தையை அது கடுமையாகப் பாதிக்கும். குடும்பத்திலுள்ள மாற்றம் இன்னதென்று தெரிந்திருந்தால், 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும்.