எட்டுப் பக்க ஆங்கில இதழை நாமே தயாரிப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். பிள்ளைகளால் படிக்க முடிகிற ஆங்கிலம் முயல், ஆமைக் கதைகளில் இருக்கிறது. படிக்க ஆசைப்படும் விஷயங்களோ கடினமான ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதனால்தான் இரண்டு ஏ4 தாள்களை மடித்து எட்டுப் பக்க இதழ் ஒன்றை வகுப்புக்குத் தயாரிக்க ஆரம்பித்தேன். மொழி எளிதாக இருக்கலாம், விஷயம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கக் கூடாது. என் ஒரே விதி இதுதான்.

1. விஷயம்

மாணவர்களையே கேளுங்கள். கிரிக்கெட், சினிமா, போன் என்று பட்டியல் தானாக வரும். இங்கே உதாரணத்துக்குக் குகேஷை எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனவர், சென்னைப் பையன். வேறென்ன வேண்டும்?

2. கட்டுரை

நாளிதழ் கட்டுரையை வெட்டி ஒட்டாதீர்கள். தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு 250 சொற்களில் சொந்தமாக எழுதுங்கள். யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால் 250 சொற்களில் புதுச்சொல் ஐந்துதான். சந்தேகமான சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற முக்கிய ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் தேடிப் பாருங்கள். எது ஏ1 (மிக எளிது), எது ஏ2, எது பி1 (நடுத்தரம்) என்று அதிலேயே நிலை போட்டிருக்கும்.

எளிமையாக்குகிறேன் என்று வாக்கியங்களைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டாம். உதாரணத்துக்கு: கடைசி ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் வென்றார். இப்படி இரண்டாக எழுதினால், அந்தத் தவறால்தான் தோற்றார் என்பதை மாணவனே ஊகிக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒரு ‘பிகாஸ்’ போட்டால் வாக்கியம் நீளும், ஆனால் படிப்பது சுலபமாகிவிடும். இணைப்புச் சொற்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

3. கேள்விகள்

எந்த நாள், எந்த ஊர் என்று கேட்டால் வரியைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அன்றிரவு டிங்குக்கு ஒரு மெசேஜ் அனுப்புவதாக இருந்தால் என்ன எழுதுவாய் என்று கேட்டுப் பாருங்கள். எப்போதும் வாயே திறக்காத பிள்ளைகூட இரண்டு வரி எழுதும்.

4. வடிவமைப்பு

கான்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் அட்டை அழகாக வரும். ஆனால் உள்பக்கங்களுக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுது மென்பொருள்தான் என் தேர்வு. இலவசம், பக்கத்தை இரண்டு நெடும்பத்தியாகப் பிரித்தால் எழுத்து தானாக ஓடிக்கொள்ளும். ஜெராக்ஸில் கறுத்துப்போகாத, வெளிச்சமான படங்களைத் தேர்ந்தெடுங்கள். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படத்தொகுப்பில் எடுத்தால் உரிம விவரத்தைப் பார்த்து, கேட்டிருந்தால் படம் எடுத்தவர் பெயரையும் போடுங்கள்.

5. அச்சு

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். மடிக்கும்போது வரிசை சரியாக வர, பக்கங்கள் தாளில் இப்படி அமைய வேண்டும்:

- முதல் தாள்: முன்புறம் 8, 1, பின்புறம் 2, 7
- இரண்டாம் தாள்: முன்புறம் 6, 3, பின்புறம் 4, 5

இதை நீங்கள் கையால் அடுக்க வேண்டாம். ரைட்டரின் பிரிண்ட் பெட்டியில் ‘புரோஷர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவே அடுக்கிவிடும். இருபக்க அச்சுக்கு ‘ஷார்ட் எட்ஜ்’ (குறுகிய ஓரத்தில் புரட்டுவது) கொடுக்க வேண்டும். ‘லாங் எட்ஜ்’ இருந்தால் பின்புறம் தலைகீழாக விழும். கடைகளில் பெரும்பாலும் ‘லாங் எட்ஜ்’தான் இருக்கும், அதனால் ஒரு பிரதி எடுத்து, மடித்துப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

4, 5ஆம் பக்கங்கள் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் முக்கியக் கட்டுரைக்கு அந்த நடுப்பக்கமே சரியான இடம். பெரிய படத்தை மடிப்புக்குக் குறுக்கே தைரியமாகப் போடலாம்.

பின்சேர்க்கை: எழுத்து பொடியாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஏ4 அளவில் வடிவமைத்துப் புரோஷராக அடித்தால் எல்லாம் ஏறக்குறைய 71 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைக்கு வந்துவிடும். தொடங்கும்போதே பக்க அளவை ஏ5, அதாவது 148 × 210 மி.மீ. என்று வைத்துவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் கோப்பு பிடிஎஃப் ஆகவே இருக்கட்டும். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கம் குலையாது.